எண்பதாவது பிடி

“என்ன, எல்லாரும் ரெடியா? பல்ல வெளிய வச்சுக்கிட்டுதான் உக்காந்திருக்கிய. எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? நாயகம் கையில மைக்கு வந்தாச்சு, இப்ப பழைய பிரின்சிபால் இருமிக்கிட்டே வருவாரு, மழைக்கு முந்தி ஒரு தவளை வரும், கியர் விழாத பஸ்ஸு ஒண்ணு ஏத்தத்துல முக்கும், கடைசியில பி.டி. சார் வந்து நாலு கத்து கத்துவாருன்னு நெனைக்கிய. அதான? ஒண்ணும் கெடையாது. இன்னைக்கி நான் கணக்கு வாசிக்க வந்திருக்கேன். வெறும் நம்பரு. தூங்குறவங்க இப்பமே தூங்கிருங்க, கொறட்டை மட்டும் விடாதிய, அது என் அயிட்டம்.” சிரிச்சிட்டாங்க. நான் நம்பருன்னு சொன்னாலும் சிரிப்பாங்க, தும்முனாலும் சிரிப்பாங்க. முப்பது வருஷமா இந்தக் காலேஜுல பிசிக்ஸ் லேப் அட்டெண்டரா இருக்கேன், ஒரு பய என்ட்ட வெர்னியர் எங்க இருக்குன்னு கேட்டதில்ல, அண்ணாச்சி அந்தத் தவளைன்னுதான் கேப்பான். சிரிப்பு எங்க கெளம்புது எங்க அடங்குதுன்னு எனக்குத் தெரியும். அடங்குறதுக்கு ஒரு மூச்சு முன்னாடி அடுத்ததைப் போடணும். அம்புட்டுதான் தொழிலு. குரலு யாருக்கும் வரும், பழகுனா கழுதைக்கும் வரும். அந்த ஒரு மூச்சுதான் வராது. எனக்கு வரும். வந்துதான தொலைஞ்சுது.

பின்வரிசைப் பயலுவ ஆரம்பிச்சுட்டானுவ, “பி.டி. சார்! பி.டி. சார்!” கைதட்டி, தாளம் போட்டு. இவனுவ யாரும் அந்தக் குரலை என்ட்ட கேட்டதே கெடையாது. சீனியர் சொல்லி, அவனுக்கு அவன் சீனியர் சொல்லி, நாயகண்ணாச்சி பி.டி. சார் மாதிரிப் பேசுனா சாரே திரும்பிப் பாப்பாருன்னு கதையாவே வந்திருக்கு. பதினோரு வருஷமா பேசல. அதை யாரும் கவனிச்சதில்ல. பிரின்சிபால் பேசுதேன், பஸ்ஸு பேசுதேன், மிக்சியில சட்னி அரையுத சத்தம் பேசுதேன், எல்லாம் பேசுறதே அந்த ஒண்ணைப் பேசலன்னு தெரியாம இருக்கத்தான். மேடையில எனக்குப் பின்னாடி, நடு நாற்காலியில தவசிக்கனி சார் உக்காந்திருக்காரு, அவருதான் பி.டி. சார். திரும்பிப் பாக்கல, ஆனா மாலை வாசம் வருது, ரோசாப்பூ வாடுத வாசம். இன்னைக்கோட ரிட்டயர்டு. வீட்டைக் காலி பண்ணி சாமானை லாரியில ஏத்தியாச்சு, சாயங்காலம் ஆறரை ரயிலுக்கு ஓசூருக்கு மக வீட்டுக்குப் போறாரு. இனி வரமாட்டாரு. இப்ப மணி மூணே கால். பாராட்டெல்லாம் வேண்டாம்னுட்டாரு. ஒண்ணே ஒண்ணு செய்யுங்க, செல்வினைக் கூப்பிட்டு உக்கார வச்சு, அவன் கபடி ஆடுன கணக்கை முதல்ல இருந்து வாசிங்கன்னாரு. அந்தக் கணக்கு என்ட்டதான் இருக்கு. மேட்சுக்கு ஸ்கோர் எழுதுனவனும் நான்தான், மைக்குல சொன்னவனும் நான்தான். இந்தா கையில இருக்கு, லேப் ரெக்கார்டு நோட்டு, ஒரு பக்கம் கட்டம், ஒரு பக்கம் கோடு, அட்டையில ஆசிட் தெறிச்ச ஓட்டை. செல்வின் மூணாவது வரிசையில ஓரத்துல இருக்கான். இடது காலை நடைபாதையில நீட்டிப் போட்டிருக்கான். மடங்காது. டீ கொண்டு போறவங்க தாண்டித் தாண்டிப் போறாங்க, அவன் ஒவ்வொரு தரமும் சாரி சாரிங்கான். துறைமுக ரோட்டுல எடைமேடையில இருக்கான் இப்ப, உப்பு லாரி ஏறுனா எடையைப் பாத்துச் சீட்டு கிழிச்சுக் குடுக்கணும். பதினோரு வருஷத்துல இன்னைக்கித்தான் இந்தக் காம்பவுண்டுக்குள்ள காலை வைக்கான். சாரைப் பாக்கவே இல்ல. என்னைப் பாத்து, “அண்ணாச்சி, நல்லாருக்கியளா? எளைச்சுட்டிய” ன்னான். என்னைப் பாத்து. என் கையைப் பிடிச்சு.

“முதல் வருஷம். மேட்சு ஒம்பது. எதிராளி பக்கம் பாடிப் போனது எழுபத்தி நாலு தடவை. பாயிண்டு இருபத்தி மூணு. பிடிபட்டது இருபத்தி ஆறு.” யாரோ பின்னால, “எடுத்ததைவிட பட்டது ஜாஸ்தியால்ல இருக்கு” ங்கான். ஆமாம்ல, ஜாஸ்திதான். அன்னைக்கி அவனைப் பாத்திருந்தா நீ இன்னும் சிரிச்சிருப்ப. ஈர்க்குச்சி மாதிரி ஒரு பய, பஸ்ஸை விட்டுட்டவன் ஓடுற மாதிரி எதிராளி பக்கத்துக்கு ஓடுவான், நட்ட நடுவுல போயி நிப்பான், ஏழு பேரும் வெத்தலையை எடுத்து மடிக்கிற மாதிரி மடிச்சு வச்சுருவானுவ. ரெப்பரி விசில் ஊதுனதும் நான் மைக்குல, “செல்வின் உள்ள போயிருக்காரு, சாப்பிட்டுட்டு வருவாருன்னு எதிர்பார்க்கப்படுது” ம்பேன். கிரவுண்டே சிரிக்கும். அவனும் சிரிப்பான், வாயில மண்ணோட. சாருதான் சிரிக்கமாட்டாரு. மேட்சு முடிஞ்சு என்ட்ட வந்து நோட்டை வாங்கி, விரலை வச்சு ஒவ்வொரு கட்டமா பாப்பாரு. “நாயகம், இவன் எந்தப் பக்கமாவே மாட்டுதான்? வலதா, இடதா? அதையும் எழுதும்வே.” எழுதுனேன். இருபத்தி ஆறுல பத்தொம்பது வலது மூலை. பயலுக்கு வலது பக்கம் பாக்கத் தெரியல. அதைக் கண்டுபிடிச்சது என் நோட்டு. பெருமையாத்தான் இருந்துச்சு. இப்பமும் இருக்கு, அதான் கேவலம். அப்புறம் தெனமும் சாயங்காலம் பயிற்சி, வலது கண்ணு பக்கமே ரெண்டு பேரை நிறுத்தி, மணல்ல முட்டி வரைக்கும் குழி தோண்டி அதுல நின்னு திரும்பச் சொல்லி, தொட்டுட்டுத் திரும்பு, திரும்பிட்டுத் தொடு. இவன் கிட்டப் போயி பயந்து சும்மா பாத்துட்டு வந்தான்னா சாரு ஒரு சத்தம் போடுவாரு. மூக்குல ஆரம்பிச்சு நெஞ்சுல முடியுற சத்தம். “ஏல... பாத்துட்டு வராத, தொட்டுட்டு வா!” லேப் ஜன்னல்ல நின்னு பீக்கர் கழுவிக்கிட்டே நான் அதைக் கேப்பேன். ஏலவுக்கு அப்புறம் ஒரு சின்ன நிறுத்தம். அந்த நிறுத்தத்துலதான் சாரு இருக்காரு. மத்ததெல்லாம் சும்மா சத்தம். ஒரு வாரத்துல பிடிச்சுட்டேன்.

“ரெண்டாம் வருஷம். மேட்சு பதினாலு. பாடுனது நூத்தி எழுபத்தி மூணு. பாயிண்டு தொண்ணூத்தி ஏழு. பிடிபட்டது முப்பத்தி ஒண்ணு.” கைதட்டுறாங்க. நான் நிறுத்துறேன், தட்டட்டும், அடங்கட்டும். செல்வின் தலையைக் குனிஞ்சு முட்டியைத் தடவுதான். தொண்ணூத்தி ஏழுல பாதிக்கு மேல கால் விரலால தொட்டது. கையை நீட்டுனா நெஞ்சு முன்னாடி போவும், பிடிப்பான், காலை நீட்டுனா நீ பின்னாடியே இருக்கன்னு சாரு சொல்லிக் குடுத்தது. பய அந்தக் காலை நாக்கு மாதிரி நீட்டுவான். இடது கால். அதேதான், இப்ப நடைபாதையில கெடக்கே, அது. நிக்கப் பழகிட்டான் அந்த வருஷம். ஓடுறது எல்லாரும் ஓடுவான், எதிராளி நடுவுல நின்னு மூச்சு விடாம பாடிக்கிட்டே ஒண்ணும் செய்யாம இருக்கணும் பாருங்க, அதுக்கு ஒரு தெனாவட்டு வேணும். ஏழு பேரும் இவன் எப்ப அசைவான்னு பாத்து பாத்துக் களைச்சுப் போவானுவ, களைச்ச அந்த நொடியில ஒருத்தனைத் தொட்டுட்டு வந்துருவான். என் தொழிலும் அதேதான். ஒருநாள் அவன்ட்டயே சொன்னேன், “ஏல, நீயும் நானும் ஒரே வேலைதாம்ல செய்யுதோம், நீ காலால செய்யுத, நான் வாயால.” சிரிச்சான். “அண்ணாச்சி, வாய் ஒடியாதுல்லா” ன்னான். ஏன் இதெல்லாம் இப்ப ஞாபகம் வருது. மேல ஃபேன் ஒண்ணு டக் டக்குன்னு அடிக்குது, அதையும் நாக்கு தானா மேலண்ணத்துல அடிச்சுப் பாக்குது, நான் சொல்லல, அதுவா செய்யுது. எந்தச் சத்தம் கேட்டாலும் இந்த நாக்கு ஒரு தடவை பண்ணிப் பாத்துரும். செத்த வீட்டுல ஒப்பாரி கேட்டா வாயைப் பொத்திக்கிட்டு வெளிய வந்துருக்கேன், அழுகைன்னு நெனைச்சாங்க.

“மூணாம் வருஷம்.” சொல்லு. சொல்லிரு. “மேட்சு பதினேழு. பாடுனது எரநூத்தி முப்பத்தி எட்டு. பாயிண்டு எரநூத்தி ஒண்ணு.” எந்திரிச்சு நின்னு தட்டுறானுவ. “பிடிபட்டது, இருபத்தி ரெண்டு.” இல்ல. இருபத்தி மூணு. நோட்டுல இருபத்தி ரெண்டுதான். அதுக்குக் கீழ ஒரு வரி, தேதி போட்டு, எதிர் டீம் பேரு போட்டு, மிச்சம் காலி. போன செவ்வாக்கெழமை சாரு லேபுக்கே வந்து நோட்டைக் கேட்டாரு, கண்ணாடியை ஏத்திவிட்டுப் பாத்தாரு, அந்த வரியில விரலை வச்சாரு. “இதை ஏம்வே எழுதல?” மறந்துட்டேன் சார்ன்னேன். “எழுதிரும்வே. பிடிபட்டதுன்னு எழுதி, காரணம்னு என் பேரை எழுதும்.” அப்ப சொல்லியிருக்கலாம். லேப்ல யாரும் இல்ல, குழாய்ல தண்ணி சொட்டிக்கிட்டு இருந்துச்சு. என் நாக்கு குழாய் மாதிரி சொட்டுச்சே தவிர வேற ஒண்ணும் வரல. சாருக்கு அது கேட்டுச்சு. “ஒம்ம திருத்தவே முடியாதுவே” ன்னு சிரிச்சுட்டுப் போனாரு.

பைனல் அன்னைக்கி நல்ல வெயிலு. நாலரை மணி. வெளிக் கிரவுண்டு. ஒரு கம்பெனி டீமுக்கு ஆள் எடுக்க ரெண்டு பேரு வந்து தொப்பி போட்டு உக்காந்திருந்தாங்க, செல்வினுக்குன்னே வந்தாங்க, ஆர்டர் டைப் பண்ணியாச்சு, கையெழுத்துதான் பாக்கின்னு சாரு காலையிலயே என் காதுல சொன்னாரு. மைக்செட்டு மந்திரம், இப்ப இந்தா மேடை ஓரத்துல குத்தவச்சு ஒயருக்கு டேப்பு சுத்துதானே, இவனேதான், அன்னைக்கும் இவன்தான். மறு வாரமே மஸ்கட்டுக்குப் போயிட்டான், போன மாசம் திரும்பி வந்து பழைய பெட்டியெல்லாம் தூசி தட்டி மறுபடி தொழிலு ஆரம்பிச்சுருக்கான். அன்னைக்கி ஒரு ஸ்பீக்கர் பாக்ஸைக் கொண்டு போயி சாரு பெஞ்சுக்குப் பின்னாடி வச்சான், நிழலு அங்கதான் இருந்துச்சு, அதான். ஒரு பாயிண்டு முன்னால நிக்கோம். கடைசிப் பாட்டு. செல்வின் போறான். தொடவே வேண்டாம், எதிர்க் கோட்டைக் காலால தாண்டிட்டுத் திரும்பி வந்தா போதும், கப்பு நமக்கு. தாண்டிட்டான். திரும்பிட்டான். பாடிக்கிட்டே பின்னாடி பின்னாடி வாரான், நடுக்கோட்டுக்கு மூணு எட்டு. அப்ப ஒரு அமைதி விழுந்துச்சு. ரெண்டாயிரம் பேரு இருந்த கிரவுண்டு, அவன் பாடுறது மட்டும் கேக்குது, கபடி கபடி கபடி, ஒரு காக்கா கூட இல்ல. ஒருத்தன் பாடிக்கிட்டு இருக்கும்போது மைக்குல வாய் திறக்கக் கூடாது, அது எனக்குத் தெரியும், மூணு வருஷமா ஒரு தடவை திறந்ததில்ல. ஆனா அந்த அமைதி இருக்கே. அப்படி ஒண்ணு எனக்கு வாழ்நாள்ல கெடைச்சதில்ல. சும்மா கெடந்துச்சு. முழுசா, என் முன்னாடி. ஒரு மூச்சு. போட்டேன். சாரு குரலு. “ஏல... பாத்துட்டு வராத, தொட்டுட்டு வா!” சிரிப்பாங்கன்னுதான். சத்தியமா அம்புட்டுதான் நெனைச்சேன், நெனைக்கக்கூட இல்ல, நாக்கு போட்டுருச்சு, நெனைப்பு பின்னாடி வந்துச்சு. அந்த நிறுத்தம் கூடச் சரியா விழுந்துச்சு. யாரும் சிரிக்கல. என் வாழ்க்கையில நான் போட்டு யாருமே சிரிக்காத அயிட்டம் அது ஒண்ணுதான். செல்வின் காது அந்தக் குரலுக்குப் பழகுன காது. மூணு வருஷம் மணல்ல பழகுனது. அவன் யோசிக்கல. வந்த காலை அப்படியே ஊனித் திரும்பி, இடது காலை நாக்கு மாதிரி நீட்டிக்கிட்டு உள்ள போனான், வலது மூலைக்காரன் கணுக்காலைப் பிடிச்சான், இன்னொருத்தன் மேல விழுந்தான், காய்ஞ்ச மட்டை ஒடியுற மாதிரி ஒரு சத்தம். சாரு எந்திரிச்சு நிக்காரு, வாயும் திறந்துதான் இருக்கு, அந்தச் சத்தம் அவரு முதுகுக்குப் பின்னாடி இருந்து வந்து அவரு வாய் வழியாப் போன மாதிரி. ரெப்பரி யாரு கத்துனதுன்னு பாக்கல, காலைப் பாத்தாரு. எல்லாரும் காலைத்தான் பாத்தாங்க. அந்த மட்டை சத்தத்தை மட்டும் என் நாக்கு இதுவரைக்கும் பண்ணிப் பாத்ததில்ல.

ஆஸ்பத்திரி வராந்தாவுல, பச்சைப் பெஞ்சுல, சாரு கையை ரெண்டு தொடைக்கு நடுவுல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. “நான்தாம்வே கத்துனேன். திரும்பி வந்துட்டிருந்தவனை நான்தாம்வே உள்ள அனுப்புனேன். கத்துனதே எனக்குத் தெரியலவே. வாய் பழகிப் போச்சு.” நான் பக்கத்துல. இதுதான் அந்த மூச்சு. இதைவிட நல்ல மூச்சு வராது. வாயைத் திறந்தேன். “காபி வாங்கிட்டு வரட்டா சார்” னு வந்துச்சு. என் குரலுதானான்னு எனக்கே சந்தேகம். உள்ள கட்டிலுல செல்வின், மேல பாத்துக்கிட்டு, “சார் சொன்னாரு, போனேன்” னான். அவ்வளவுதான் சொன்னான், யாரு கேட்டாலும் அதேதான். அதுக்கப்புறம் சாரு விசில் ஊதல. பி.டி. ரூம்ல ஆணியில தொங்குது, கயிறு நைஞ்சு. கபடி டீமை புதுசா வந்த சின்ன பி.டி. சாரு பாத்துக்கிட்டாரு, சாரு அட்டெண்டன்ஸ் எடுத்தாரு, யூனிபார்ம் எண்ணுனாரு, சாயங்காலம் கிரவுண்டுப் பக்கம் வராம லைப்ரரி வழியா சுத்தி வீட்டுக்குப் போனாரு. பதினோரு வருஷம் சுத்திப் போனாரு. செல்வின் கல்யாணத்துக்குப் பத்திரிகை எனக்கு வந்துச்சு, சாருக்கு வரல. நான் போயி பஸ்ஸு பேசுனேன், தவளை பேசுனேன், பொண்ணு வீட்டாளுவ விழுந்து விழுந்து சிரிச்சாங்க. வந்து சாருட்ட சாப்பாடு என்னன்னு சொன்னேன். “பய நடக்கானா?” ன்னாரு. நடக்கான் சார். “திரும்புதானா?” ன்னாரு. பாயசம் நல்லாருந்துச்சு சார்ன்னேன். சொல்லணும்னு நெனைச்ச நாளெல்லாம் ஒரு சிரிப்பு வந்து குறுக்க விழுந்துரும், நானே வரவழைச்சுக்குவேன், அடங்குறதுக்குள்ள அடுத்ததைப் போட்டுருவேன். ஒரு மூச்சைக்கூட காலியா விடல. பதினோரு வருஷம். இப்ப சொன்னா என்ன ஆவும். செல்வின் என்ன செய்வான், அந்தக் காலோட எந்திரிக்க அவனுக்கு நேரமாகும், அதுக்குள்ள நான் பின்வாசல் வழியா. சீ. இதையும் நாக்கு அயிட்டமா ஆக்குது.

“ஆக மொத்தம்” ங்கேன். “மேட்சு நாப்பது. பாடுனது நானூத்தி எண்பத்தி அஞ்சு. பாயிண்டு முந்நூத்தி இருபத்தி ஒண்ணு. பிடிபட்டது எழுபத்தி ஒம்பது.” மூணாவது வரிசையில இருந்து செல்வின், கத்தாம, சாதாரணமா, எடைச்சீட்டு படிக்கிற மாதிரிச் சொல்லுதான், “எண்பது, அண்ணாச்சி.” நோட்டைப் பாக்கேன். காலி வரி. ஆசிட் ஓட்டை வழியா என் பெருவிரல் நகம் தெரியுது. “எண்பதுதான்” ங்கேன். “எழுத விட்டுப் போச்சு.” பின்னாடி நாற்காலி கிறீச்சுன்னுது. தவசிக்கனி சார், “விடும்வே நாயகம். கணக்கு போதும். பயலுவ இவ்வளவு நேரமா கேக்கானுவ, கடைசியா ஒரு தடவை என் குரலைப் பேசும். நானும் கேட்டுட்டுப் போறேன்.” ஹாலு மொத்தமும் விசில் அடிக்குது. செல்வின் அடிக்கல. நான் தொண்டையைக் காட்டுதேன், கட்டியிருக்கு சார், வரமாட்டேங்குது. “பொய் சொல்லாதயும். தவளை மட்டும் வருமோ?” சிரிக்கானுவ. “வரல சார்.” சாரு எந்திரிச்சு வந்துட்டாரு. வேர்வையும் ரோசாப்பூவும். “ஓசியில கேக்கலாம்னு பாத்தேன். சரி, என் குரலை நானே பேசுதேன், குடும்.” என் கையில இருந்து மைக்கை வாங்குறாரு, விரலு சில்லுன்னு இருக்கு. மைக்கு போன கையை எங்க வைக்கன்னு எனக்குத் தெரியல.

“ஏல செல்வின்” ங்காரு. நிறுத்தம். அந்த நிறுத்தம் இன்னும் அப்படியேதான் இருக்கு. செல்வின் பதினோரு வருஷத்துல முதல் தடவையா நிமிந்து அவரைப் பாக்கான். “கத்துறதுக்குத்தான் நான் சம்பளம் வாங்குனேன். அன்னைக்கி ஒரு நாளு, அந்த ஒரு சத்தம் நான் போடாம இருந்திருந்தா, நீ மூணு எட்டு வச்சு வந்திருப்ப. உங்கிட்ட வந்து சொல்ல எனக்கு மூஞ்சி இல்லாமப் போச்சுல. நான் போட்ட சத்தத்தாலதாம்ல உன் காலு...” அதுக்கு மேல வரல. மைக்கு நெஞ்சுல இடிச்சு ஒரு டொப்புன்னு சத்தம் வருது. அமைதி. அதே அமைதி. காக்கா கூட இல்ல. முழுசா, காலியா, என் முன்னாடி கெடக்கு. இந்தா நாயகம், ஒனக்குத்தான், போடு. எடுத்துக்கோ. மூச்சு இழுத்துட்டேன். வாயும் திறந்துட்டேன். நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு கெடக்கு, ஃபேனு டக் டக்குங்குது, அதையாவது அடி, ஏதாவது அடி, எந்திரி. மேடை ஓரத்துல பாக்ஸுக்குப் பக்கத்துல குத்தவச்சிருந்த மந்திரம், வாயில கடிச்சிருந்த டேப்பை எடுத்துட்டு, எல்லாரும் என்னத்துக்கு இப்படி உக்காந்திருக்காங்கன்னு புரியாத மூஞ்சியோட சாரை அண்ணாந்து பாத்துச் சொல்லுதான்:

“என்ன சார் சொல்லுதிய? அன்னைக்கி நீங்க எங்க கத்துனிய? அது பாக்ஸுலல்லா வந்துச்சு. நான்தான ஓடிப் போயி வால்யூமைக் கொறச்சேன். மைக்கு நாயகண்ணாச்சி கையிலல்லா இருந்துச்சு.”